கேனை வெச்சுட்டு மீனைக் கேளுங்க

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. டீ எடுத்துக்கிட்டு உக்காருங்க. மீன் சாப்பிடாதவங்களும் படிக்கலாம், தண்ணி குடிக்கிற எல்லாருக்கும் இதுல பங்கு இருக்கு.

2023 டிசம்பர் வெள்ளம் ஞாபகம் இருக்கும்ல? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் கிட்டத்தட்ட 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் அப்படியே நின்னுபோச்சு. எங்க ஆறுமுகநேரியைச் சுத்தி எங்க பாத்தாலும் தண்ணி. அது வடிஞ்ச சூட்டோட நான் ஒரு பதிவு போட்டேன். தலைப்பு, "ஆத்து மீனில் பாதரசமா?" கேள்விக்குறி போட்டுட்டா பொய் சொன்ன கணக்கு ஆகாதுங்கிற பழைய பத்திரிகை தந்திரம்தான். உள்ள என்ன சரக்கு? வாட்ஸப்பில் வந்த ரெண்டு ஃபார்வர்டு, மினமாட்டா பத்தி ஒரு பத்தி, எந்த ஊர் ஆறுன்னே தெரியாத ஒரு செத்த மீன் படம். அவ்வளவுதான்.

உங்கள்ல நிறைய பேர் அதுக்கு லிங்க் குடுத்தீங்க. "அவசியமான பதிவு நண்பா", "சரியான சாட்டையடி"ன்னு பின்னூட்டம் வேற. நானும் காலரைத் தூக்கி விட்டுக்கிட்டேன்.

மூணு மாசம் கழிச்சு ஊருக்குப் போயிருந்தேன். புன்னைக்காயல்ல இருந்து எங்க தெருவுக்கு மீன் கொண்டு வர்ற அக்கா ஒருத்தங்க. நான் பள்ளிக்கூடம் போற காலத்துலேர்ந்து வர்றாங்க. எங்க அம்மாவை "மைனி"ன்னுதான் கூப்பிடுவாங்க. அன்னைக்கு அன்னக்கூடையை இறக்கி வெச்சுட்டு என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டாங்க.

"தம்பி, நம்ம மீன்ல வெசம் இருக்குன்னு நீதான் கம்பியூட்டர்ல எழுதுனியாம்ல? எங்க வீட்டுப் பிள்ளை போன்ல காட்டுச்சு. மேலத் தெருவுல நாலு வீட்டுல இப்ப வாங்க மாட்டேங்காவ. எழுது, நல்லா எழுது, நான் வேண்டாங்கல. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு. நீ எந்த மீனை அறுத்துப் பாத்த?"

எந்த மீனையும் இல்லக்கா.

அந்தப் பதிலைக்கூட நான் வாயைத் திறந்து சொல்லலை. உள்ள போயிட்டேன். அம்மா ஒரு கூறு மடவை வாங்கினாங்க. மத்தியானம் அதைத்தான் சாப்பிட்டோம். எனக்கு இறங்கலை. பாதரசத்துக்குப் பயந்து இல்லைங்க, வெக்கத்துல.

ஆக, இந்தப் பதிவு முதல்ல என் மேல நானே வெச்சுக்கிற குட்டு. ஆனா அதோட நிறுத்தப் போறதில்லை. அக்கா கேட்ட கேள்வியை என்கிட்ட மட்டும் கேட்டா நியாயம் இல்லை. ஆத்தைக் காக்கணும்னு சம்பளம் வாங்குற வாரியங்கள்கிட்டயும் கேட்கணும். நீங்க எந்த மீனை அறுத்துப் பாத்தீங்க?

கேன்காரங்க கதை

நம்ம நாட்டுல ஆத்து மாசை அளக்கிற விதம் ரொம்ப எளிமை. ஒரு ஆள் வருவார். கேன்ல தண்ணி மொள்ளுவார். லேபுக்குப் போகும். ரிசல்ட் வரும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோட தேசிய நீர்த்தர கண்காணிப்புத் திட்டத்துல வழக்கமா பார்க்கிறது கரைந்த ஆக்சிஜன், பி.ஓ.டி., கோலிஃபார்ம் மாதிரி சமாச்சாரம். கன உலோகம், பூச்சிமருந்து மாதிரி நுண் மாசுகளை வருஷத்துக்கு ஒரு தடவைதான் பார்க்கிறோம், வசதி அவ்வளவுதான்னு அவங்களே எழுதி வெச்சிருக்காங்க.

வருஷத்துக்கு ஒரு தடவை! நான் பொட்டி தட்டுறவன். எங்க தொழில்ல ஒரு சர்வர் உயிரோட இருக்கான்னு பார்க்க பிங் அடிப்போம். வருஷத்துக்கு ஒரே ஒரு தடவை பிங் அடிச்சு, பதில் வந்ததும் "வருஷம் முழுக்க சர்வர் நல்லா ஓடுச்சு"ன்னு ரிப்போர்ட் குடுத்தா என்னை அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிருவாங்க. ஓடுற ஆத்துல மொண்ட தண்ணி அந்த நிமிஷத்துத் தண்ணி மட்டும்தான். ராத்திரி ரெண்டு மணிக்கு எவனாவது தொறந்து விட்டது காலையில பத்து மணிக்குக் கேனோட வர்றவருக்குக் கிடைக்காது. அது அதுக்குள்ள கடலுக்குப் போயிருக்கும்.

ஆனா மீன் எங்கயும் போகலையே? அது ராத்திரி ரெண்டு மணிக்கும் அங்கதான் இருந்துச்சு. செவுள் வழியா அந்தத் தண்ணியைத்தான் இழுத்துச்சு. பிங் அடிக்கிறதை விட்டுட்டு லாக் ஃபைலைத் தொறந்து பாருங்கன்னு சொல்றேன். மீனோட ஈரல்தான் அந்த லாக் ஃபைல்.

இன்னொரு கூத்து. 2018-ல் மத்திய வாரியம் நாடு முழுக்க மாசடைஞ்ச ஆத்துப் பகுதின்னு 351 இடத்தைப் பட்டியல் போட்டுச்சு. தமிழ்நாட்டுல ஆறு ஆறு. அதுல நம்ம தாமிரபரணியும் உண்டு. எங்கேர்ந்து எங்க வரைக்கும் தெரியுமா? பாப்பான்குளத்துலேர்ந்து ஆறுமுகநேரி வரைக்கும். என்னத்தைச் சொல்ல, எங்க ஊர் பேரு தேசியப் பட்டியல்ல வந்தது இதுக்குத்தான் :-(

அந்தப் பட்டியலுக்கு அளவுகோல் என்ன? பி.ஓ.டி., அதாவது உயிர்வேதி ஆக்சிஜன் தேவை. லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல போனா மாசு. இது சாக்கடையைக் கண்டுபிடிக்க நல்ல அளவுகோல், நான் குறை சொல்லலை. திருநெல்வேலி சாக்கடை ஆத்துல கலக்குறது ஊரறிஞ்ச சங்கதி. ஆனா ஈயம், காட்மியம், பாதரசம் இதெல்லாம் பி.ஓ.டி.யில தெரியவே தெரியாது. காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டரை வெச்சுக்கிட்டு எலும்பு முறிஞ்சிருக்கான்னு பார்க்கிற மாதிரி. நாளைக்கே சாக்கடையை எல்லாம் சுத்திகரிச்சு, பி.ஓ.டி.யை 3-க்குக் கீழ கொண்டு வந்து, தாமிரபரணியைப் பட்டியல்லேர்ந்து எடுத்துட்டா, "ஆறு சுத்தமாயிருச்சு"ன்னு அறிக்கை வரும். உலோகம் இருந்துச்சா இல்லையாங்கிற கேள்வியே எழாது.

மீன் உடம்பு என்ன சொல்லும்?

இங்க ரெண்டு விஷயத்தைப் பிரிச்சுக்கணும். என் பழைய பதிவுல நான் இதையும் குழப்பி அடிச்சிருந்தேன்.

ஒண்ணு, மீன் சதையில எவ்வளவு உலோகம் சேர்ந்திருக்குன்னு அளக்கிறது. ரெண்டாவது, அந்த உலோகம் மீனோட உடம்பை என்ன பண்ணியிருக்குன்னு அளக்கிறது. இந்த ரெண்டாவதுக்குத்தான் பயோமார்க்கர்னு பேரு. தமிழ்ல உயிர்க்குறின்னு சொல்லிக்கலாம்.

மெட்டலோதயோனின்னு ஒரு சின்னப் புரதம் இருக்கு. 1957-ல் குதிரையோட சிறுநீரகத்துலேர்ந்து பிரிச்சு எடுத்தாங்க. அதுல சிஸ்டீன் அமினோ அமிலம் நிறைய, அதுல கந்தகம். கந்தகத்துக்குக் காட்மியம், பாதரசம்னா பசை மாதிரி ஒட்டும். மீன் உடம்புக்குள்ள இந்த உலோகங்கள் நுழைஞ்சா ஈரல் இந்தப் புரதத்தை அதிகமா தயார் பண்ணி, உலோகத்தைப் புடிச்சுக் கட்டிப் போடும். எங்க பாஷையில சொன்னா, எர்ரர் வந்தா புடிக்கிறதுக்குன்னு எழுதி வெச்ச கோடு. அது எத்தனை தடவை ஓடியிருக்குன்னு பார்த்தாலே உள்ள பிரச்சினை இருக்குன்னு தெரிஞ்சுரும், வெளியே புரோகிராம் நல்லா ஓடுற மாதிரி தெரிஞ்சாலும்.

ஈயத்துக்குன்னு தனியா ஒரு சாட்சி இருக்கு. ரத்தத்துல சிவப்பணுவுக்கு வேண்டிய ஹீம் தயாரிக்கிற வரிசையில ஏ.எல்.ஏ.டி.ன்னு ஒரு நொதி. ஈயம் வந்தா அது முடங்கும். மீனைக் கொல்லாம, கொஞ்சம் ரத்தம் எடுத்தே பார்க்கலாம். அப்புறம் சிவப்பணுவுல நுண்ணுட்கரு இருக்கான்னு மைக்ராஸ்கோப்புல எண்ணுறது, மரபணுச் சேதம் தெரியும். ஈரல்ல கொழுப்பு எவ்வளவு ஆக்சிஜனேற்றம் ஆகியிருக்குன்னு பார்க்கிறது. செவுளை மெல்லிசாச் சீவிப் பார்க்கிறது. ஈரலோட எடையை உடம்பு எடையால வகுத்துப் பார்க்கிறது. கடைசியில சொன்னதுக்குத் தராசும் கத்தியும் போதுங்க.

இது ஏதோ வெளிநாட்டு வித்தைன்னு நினைக்க வேண்டாம். சென்னை பாரதி மகளிர் கல்லூரி உயிர்வேதியியல் துறை ஆய்வாளர்கள் எண்ணூர் கழிமுகத்து மடவையையும் கோவளம் கழிமுகத்து மடவையையும் எடுத்து ஒப்பிட்டு வரிசையா ஆய்வுக் கட்டுரைகள் போட்டாங்க, 2008 வாக்கில். எண்ணூர்ப் பக்கம் அனல்மின் நிலையம், தொழிற்சாலைகள்னு உங்களுக்கே தெரியும். கோவளம் ஒப்பீட்டுக்கு எடுத்த, அதைவிடச் சுத்தமான இடம். எண்ணூர் மடவையில உலோகமும் அதிகம், ஈரல் செல்கள்ல ஆக்சிஜனேற்றச் சேதமும் அதிகம், அதைச் சமாளிக்கிற பாதுகாப்பு அமைப்பும் தடுமாறுது. ஆனா மீன் சாகலை. நீந்திக்கிட்டுத்தான் இருந்துச்சு. சந்தைக்கு வந்தா நீங்களும் நானும் வாங்கியிருப்போம். செவுள் சிவப்பா இருக்கான்னு தூக்கிப் பார்த்துட்டுத்தான் வாங்கியிருப்போம்!

அதே மடவைதான் எங்க புன்னைக்காயல் முகத்துவாரத்துலயும் இருக்கு. அரசாங்கக் கல்லூரி ஒண்ணு பண்ணிக் காட்டின வேலை. அப்ப இது ஏன் இன்னும் கட்டுரையாவே கிடக்கு? ஏன் வாரியத்தோட வழக்கமான வேலையா ஆகலை? அதான் என் சண்டை.

"அளவுக்குள்ள இருக்கு" என்ற மந்திரம்

எங்க பார்த்தாலும் இந்த ஒரு வாக்கியம். தண்ணில உலோகம் அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்ள இருக்கு. சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

குடிநீருக்கு நம்ம நாட்டுத் தரம், பாதரசம் லிட்டருக்கு 0.001 மில்லிகிராம். அதாவது 1000 நானோகிராம். இப்போ மெத்தில் பாதரசத்தை எடுத்துக்கோங்க. சாதா பாதரசத்தைச் சேத்துல இருக்கிற நுண்ணுயிர்கள் இந்த வடிவத்துக்கு மாத்தும். அது பாசியிலேர்ந்து பூச்சிக்கு, பூச்சியிலேர்ந்து சின்ன மீனுக்கு, சின்ன மீன்லேர்ந்து பெரிய மீனுக்குன்னு ஏறிக்கிட்டே போகும். உச்சியில இருக்கிற வேட்டை மீன்ல தண்ணியில இருக்கிறதைப் போல பத்து லட்சம் மடங்குகூட சேரலாம். தண்ணியில லிட்டருக்கு ஒரே ஒரு நானோகிராம் மெத்தில் பாதரசம் இருந்தாலே, அந்தக் கணக்குல பெரிய மீன்ல கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் வந்துரும். மீன்ல 0.5 மில்லிகிராம்தான் பல நாடுகள் வெச்சிருக்கிற பொதுவான வரம்பு. தண்ணி வரம்புல ஆயிரத்துல ஒரு பங்கு, மீன் வரம்புல ரெண்டு மடங்கு. இப்போ சொல்லுங்க, "தண்ணி அளவுக்குள்ள இருக்கு"ங்கிறது யாருக்கு ஆறுதல்?

இதனாலதான் ஐரோப்பிய ஒன்றியம் 2008-ல் பாதரசத்துக்கு மீன் உடம்பிலேயே வரம்பு வெச்சுச்சு, கிலோவுக்கு 20 மைக்ரோகிராம். மனுஷனுக்கு வெச்ச அளவு இல்லை அது. அந்த மீனைத் தின்கிற பறவைக்கும் நீர்நாய்க்கும் வெச்சது. அங்கயும் நிறைய இடத்துல மீன் அந்த அளவைத் தாண்டத்தான் செய்யுது. தாண்டுதுன்னு அவங்களே அறிக்கையில போடறாங்க. கனடாவுல 1992-லேர்ந்து காகித ஆலைகளும், 2002-லேர்ந்து உலோகச் சுரங்கங்களும், கழிவு போற இடத்து மீனையும் ஒப்பீட்டு இடத்து மீனையும் பிடிச்சு வளர்ச்சி, ஈரல் எடை, இனப்பெருக்க உறுப்பு எடை எல்லாம் அளந்து காட்டணும்னு சட்டமே இருக்கு. அளக்குற செலவு ஆலையோடது.

நம்ம ஊர்லயும் மீன் பேசின இடம் உண்டு. கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை 2001-ல் மூடினாங்க, பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு 7.4 டன் பழைய இரும்புக் கடையில கிடந்ததை மக்கள் கண்டுபிடிச்ச பிறகு. 2003-ல் சுமார் 290 டன் கழிவு அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறுச்சு. 2006-ல் வெளிவந்த ஓர் ஆய்வுல, ஹைதராபாத்தில் இருக்கிற அணுசக்தித் துறை ஆய்வகத்துக்காரங்க கொடைக்கானல் ஏரித் தண்ணி, வண்டல், மீன் மூணையும் எடுத்துப் பார்த்தாங்க. மீன்லயும் பாதரசம் இருந்துச்சு. பேரிஜம், குக்கல் ஏரித் தண்ணியோட ஒப்பிட்டா கொடைக்கானல் ஏரித் தண்ணியில பாதரசம் ரொம்ப அதிகம். ஆலையிலேர்ந்து வெளியானதாலதான் இந்த மாசுன்னு முடிவாவே எழுதினாங்க. எப்போ? ஆலையை மூடி அஞ்சு வருஷம் கழிச்சு. ஆலை ஓடிக்கிட்டிருந்த காலத்துல வருஷத்துக்கு ஒரு தடவை அந்த ஏரி மீனை எடுத்துப் பார்த்திருந்தா? உள்ள வேலை பார்த்தவங்க எத்தனை பேரு தப்பிச்சிருப்பாங்க? 2016-ல் 591 முன்னாள் தொழிலாளர்களோட கம்பெனி சமரச ஒப்பந்தம் போட்டுச்சு. அந்த 591-ங்கிற எண் வர்ற வரைக்கும் காத்திருக்கணுமா?

"மீன் சாகலையே" கோஷ்டி

அடுத்த வாதம் இது. டீக்கடையிலயும் கேட்கலாம், ஆபீஸ்லயும் கேட்கலாம். மீன் நல்லாத்தானே நீந்துது, செத்தா மிதக்கும்ல?

2024 மே மாசம் கேரளாவுல பெரியாறு ஏலூர்ப் பக்கம் மிதந்துச்சு. டன் கணக்குல. கூண்டு மீன் வளர்த்தவங்க ஒரே ராத்திரியில ஓட்டாண்டி ஆனாங்க. உடனே சண்டை ஆரம்பம். பாதாளம் ரெகுலேட்டரைத் தொறந்ததால ஆக்சிஜன் கொறைஞ்சு போச்சுன்னு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொல்லுச்சு. அம்மோனியாவும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் நச்சு அளவுல இருந்துச்சுன்னு கேரள மீன்வளப் பல்கலைக்கழகம் சொல்லுச்சு. மீன் செத்த பிறகு நடக்கிறது போஸ்ட்மார்ட்டம்தான். பயோமார்க்கரோட அர்த்தமே சாவுக்கு முன்னாடி தெரிஞ்சுக்கிறது. சர்க்கரை இருக்கான்னு ரத்தம் குடுத்துப் பார்க்கிறோமா, இல்லை கால் விரலை எடுக்கிற வரைக்கும் காத்திருக்கிறோமா?

மினமாட்டாவுல மீன் மட்டும் பேசலை, பூனையும் பேசுச்சு. 1956 மே மாசம் அந்த நோய் பதிவாச்சு. 1959-ல் சிஸ்ஸோ கம்பெனியோட சொந்த மருத்துவரே ஆலைக் கழிவை ஒரு பூனைக்குக் குடுத்துப் பார்த்தார். பூனைக்கு அதே நோய். கம்பெனி அதை வெளியே சொல்லலை. கழிவு 1968 வரைக்கும் ஓடுச்சு. அறிவியல் தோத்ததால ஒன்பது வருஷம் போகலை. முடிவு ஒரு பெட்டிக்குள்ள பூட்டிக் கிடந்ததால போச்சு. அளந்தா மட்டும் பத்தாது, ஊர் பார்க்கிற மாதிரி ஒட்டவும் வேணும்.

எதிர்க்கேள்விகளுக்கும் பதில் சொல்லிடறேன்

பின்னூட்டத்துல விவரம் தெரிஞ்சவங்க வந்து மடக்குவீங்கன்னு தெரியும். அதனால நானே சொல்லிடறேன்.

ஒண்ணு. மெட்டலோதயோனின் ஏறினா அது காட்மியம்தான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. துத்தநாகம், செம்புக்கும் ஏறும். சினைப் பருவத்துலயும், மீன் வேற வகையில கஷ்டப்பட்டாலும் ஏறும். அதனால ஒரே ஒரு குறியை வெச்சுத் தீர்ப்பு எழுதக் கூடாது. நாலஞ்சு குறி, கூடவே சதையிலயும் ஈரல்லயும் உலோக அளவு, ஒரே பருவம், ஒரே அளவு மீன். எங்க தொழில்லயும் ஒரே ஒரு அலர்ட்டை நம்பி யாரையும் ராத்திரி எழுப்ப மாட்டோம்.

ரெண்டு. மடவை முட்டை போடக் கடலுக்குப் போற மீன். அது எந்தத் தண்ணியில எதை வாங்கிக்கிட்டு வந்துச்சுன்னு கேட்கலாம். நியாயமான கேள்வி. அதுக்குத்தான் அதிகம் நகராத உளுவை மாதிரி அடித்தள மீனையும் சேர்க்கணும். இல்லைன்னா கூண்டுல நல்ல மீனை விட்டு மூணு நாலு வாரம் அந்த இடத்துலயே வெச்சு எடுத்துப் பார்க்கிற முறையும் இருக்கு.

மூணு. பாபநாசத்து நன்னீர் மீனையும் புன்னைக்காயல் கழிமுக மீனையும் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. சரி. ஆத்துக்குப் பாபநாசம் ஒப்பீட்டு இடம், திருநெல்வேலிக்குக் கீழ ஒரு இடம், ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுல ஒரு இடம். முகத்துவாரத்துக்கு, அதே மாதிரி உப்பு இருக்கிற, சாக்கடையும் ஆலையும் பக்கத்துல இல்லாத இன்னொரு முகத்துவாரம். வருஷத்துக்கு ரெண்டு தடவை, மழைக்கு முன்னாடி, மழைக்கு அப்புறம். 2023 மாதிரி வெள்ளம் வந்து அடியில கிடந்த வண்டலைப் புரட்டிப் போட்டா கூடுதலா ஒரு தடவை.

நாலு. ஆள் இல்லை, வசதி இல்லை. இதைக் கேட்டாத்தான் எனக்குக் கோவம் வரும். தூத்துக்குடியில மீன்வளக் கல்லூரி 1977-லேர்ந்து இருக்கு. இந்தியாவுல முத்துச்சிப்பிக்குள்ள செயற்கையா முத்து வளர்த்துக் காட்டின மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தோட கிளையும் அங்கதான். ஆழ்வார்குறிச்சியில மனோன்மணியம் சுந்தரனார் பல்கலையோட சுற்றுச்சூழல் மையம், ஆத்தோட மேல்பக்கம். ஆத்தோட தலைமாட்டுல ஒரு மையம், கால்மாட்டுல ஒரு கல்லூரி. நடுவுல கேனோட ஒருத்தர் நிக்கிறார்!

அஞ்சு. "அப்ப ஆலைதான் காரணம்னு சொல்றியா?" இல்லை. நான் எந்த ஆலை பேரையும் இங்க எழுதலை, இனி அறுத்துப் பார்க்காம எழுதவும் மாட்டேன். மீன்கிட்ட கேட்டா அது ஆலையைக் காட்டலாம், திருநெல்வேலி சாக்கடையைக் காட்டலாம், வயலுக்குப் போடற உரத்தைக் காட்டலாம், ஒண்ணுமே இல்லைன்னும் சொல்லலாம். ஒண்ணும் இல்லைன்னு வந்தா ஆலைக்காரங்களுக்கும் நல்லதுதானே? நிஜமா சுத்தமா இருக்கிறவங்க இந்தப் பரிசோதனையை முதல் ஆளா கேட்டு வாங்கணும்.

அக்காவோட பயம்

இதுக்கு மேல இருக்கிறதுதான் எனக்குக் கஷ்டமான பகுதி.

இந்தத் தடவை ஊருக்குப் போனப்போ மீன்கார அக்காகிட்ட இதெல்லாம் சொன்னேன். வருஷா வருஷம் மீனை அறுத்துப் பார்த்து ஊர்ல ஒட்டணும்னு எழுதப் போறேன்க்கான்னு. அவங்க சிரிக்கலை.

"ஒட்டுங்க தம்பி. ஒட்டுன மறுநாள் எங்க மீனை எவன் வாங்குவான்? நீ எழுதிட்டு பெங்களூருக்குப் போயிருவ. அந்த ஆபீசர் வேற ஊருக்கு மாத்தலாகிப் போயிருவாரு. நாங்க எங்க போக?"

இதுக்கு என்கிட்ட சட்டுன்னு பதில் இல்லை. யோசிச்சு யோசிச்சு வந்து சேர்ந்தது இதுதான். அவங்க மீன் இப்பவே விலை போகலை. பரிசோதனையால போகலை, வதந்தியால போகலை. என் பதிவு மாதிரி வதந்தியால. வதந்திக்கு எல்லா மீனும் ஒண்ணு, எல்லா இடமும் ஒண்ணு. அளந்தா இந்த மீனு, இந்த இடம், இவ்வளவுன்னு பிரியும். சாளையும் நெத்திலியும் சங்கிலியோட அடியில இருக்கிற மீன், பொதுவாவே பாதரசம் குறைவு. அதைப் பயமில்லாம விக்கலாம்னு ஒரு தாள் அவங்க கையில இருக்கும். அதே நேரம், ஏதாவது மீன்ல அளவு தாண்டியிருக்குன்னு வந்தா, நஷ்டஈடு முதல்ல, அறிவிப்பு அப்புறம்னு எழுதி வெச்சுட்டுத்தான் அளக்கவே ஆரம்பிக்கணும். மாசு பண்ணினவன் குடுக்கணும். அது யாருன்னு தெரியிற வரைக்கும் அரசாங்கம் குடுக்கணும். இது இல்லாம நம்ம மாதிரி ஆளுங்க "டேட்டா வேணும், டேட்டா வேணும்"னு கத்துறது, அடுத்தவங்க அடுப்புல நம்ம குளிர் காயறதுதான்.

என் வீட்டுக் கேள்வி

எங்க அக்கா, கூடப் பொறந்தவ, ஏழாம் மாசத்துக்கு வீட்டுக்கு வந்திருக்கா. வந்த அன்னைக்கே கேட்டா, "ஏல, நீதான் பெரிய விஞ்ஞானி மாதிரி எழுதுவியே, நான் மீன் சாப்பிடலாமா, கூடாதா?"

மெத்தில் பாதரசம் நஞ்சுக்கொடியைத் தாண்டி வயித்துப் பிள்ளையோட மூளைக்குப் போகும். அதே மூளை வளர்றதுக்கு மீன்ல இருக்கிற ஒமேகா-3 கொழுப்பும் வேணும். மீனை மொத்தமா விட்டாலும் நஷ்டம். அதனால சாளை, நெத்திலி தாராளமா சாப்பிடு, சுறா வேண்டாம்னு சொன்னேன். பெரிய வேட்டை மீன், உலகம் முழுக்கவே பாதரசம் அதிகம் இருக்கிற வகை. பெத்தவளுக்குப் பால் சுரக்கும்னு பால்சுறா புட்டு பண்ணிக் குடுக்கிறது நம்ம பக்கத்து வழக்கம். அம்மா என்னை மொறைச்சாங்க :-)

"சரி, நம்ம ஆத்து மடவை?"ன்னா அக்கா.

அமெரிக்காவுல இருக்கிற என் நண்பன் மீன் பிடிக்கப் போற ஆத்துக்கு, எந்த மீனை மாசத்துக்கு எத்தனை தடவை சாப்பிடலாம்னு மாநில அரசாங்கமே பட்டியல் போட்டு வெச்சிருக்கு. நம்ம கல்லூரிகள்ல ஆய்வுக்கட்டுரை அங்கொண்ணும் இங்கொண்ணுமா வரும், பட்டம் வாங்கினதும் நின்னுரும். ஒரே இடத்துல, ஒரே மீனை, வருஷா வருஷம் பார்த்து, ஏழாம் மாசத்துக்காரி தமிழ்ல படிச்சுத் தெரிஞ்சுக்கிற மாதிரி ஒரு தாள் புன்னைக்காயல்லயும் இல்லை, ஆத்தூர்லயும் இல்லை, ஆறுமுகநேரி மார்க்கெட்லயும் இல்லை. சுமார் 125 கிலோமீட்டர் ஓடி வர்ற ஆறு. கொற்கைக் காலத்துலேர்ந்து முத்தும் மீனும் எடுத்த கரை. அந்த ஒரு தாளுக்குத்தான் இவ்வளவு நீளமான பதிவு.

சக பதிவர்களுக்கு ரெண்டு வேண்டுகோள்.

முதல் வேலை, தகவல் அறியும் உரிமைச் சட்டம். பத்து ரூபாய் செலவு. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு நான் அனுப்பிட்டேன். கேள்வி மூணுதான். கடந்த அஞ்சு வருஷத்துல தாமிரபரணியிலயும் அதன் முகத்துவாரத்துலயும் மீன் திசுவுல உலோகம் அளந்தீங்களா? பயோமார்க்கர் எதாவது பார்த்தீங்களா? பார்த்திருந்தா முடிவு எங்க? உங்க ஊர் ஆத்து பேரைப் போட்டு நீங்களும் அனுப்புங்க. பாலாறு, நொய்யல், காளிங்கராயன் வாய்க்கால், கொசஸ்தலை, எதுவா இருந்தாலும். பதில் வந்தா பதிவாப் போடுங்க, வரலைன்னா அதையும் போடுங்க.

ரெண்டாவது, அடுத்த தடவை செத்த மீன் படத்தோட ஒரு பதிவு வந்தா, அது நான் எழுதினதாவே இருந்தாலும், லிங்க் குடுக்கிறதுக்கு முன்னாடி பின்னூட்டத்துல ஒரு வரி கேளுங்க. "எந்த மீனை அறுத்துப் பாத்த?"

என் பழைய பதிவை நான் அழிக்கலை. அழிச்சா தப்பிச்ச மாதிரி ஆயிரும். தலைப்புக்கு மேலயே "இதில் ஆதாரம் எதுவும் இல்லை, எழுதியவன் எந்த மீனையும் பார்க்கவில்லை"ன்னு போட்டு, இந்தப் பதிவுக்கு லிங்க் குடுத்திருக்கேன். அப்போ லிங்க் குடுத்தவங்க, தயவு செஞ்சு இதுக்கும் குடுங்க. மேலத் தெருவுல அந்த நாலு வீடு இன்னும் வாங்கலையாம்.